சிறுத்தையை வரைந்தவர்கள்

ஏப்ரல் 14 நெருங்கிவிட்டால் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் பாடம் நடக்காது, சுவரொட்டி வேலைதான் நடக்கும். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் செல்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். கனத்த கறுப்புக் கோடுகள். தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்போல விரியும் வரிகள். முன்னே ஒரு கறுப்பினத் தாய், தோளில் குழந்தை. கறுப்பைத் தவிர வேறு ஒரே ஒரு நிறம்.

“மூஞ்சியை மட்டும் மாத்தி நம்ம அக்கா மூஞ்சியைப் போட்டுட்டா செமயா இருக்கும்ணே.”

“யாரு தம்பி வரைஞ்சது?”

“பின்டெரெஸ்ட்ணே.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான், பெரியவர்கள் என்று உட்கார்ந்திருந்த எங்கள் நான்கு பேரில் இரண்டு பேருக்கும் விடை தெரியாது என்பது தெரிந்தது. நாள்தோறும் ‘இன்ஸ்பிரேஷன்’ என்று சொல்லிப் படங்களைச் சேமித்து வைக்கிறோம். கோடு வந்து சேர்கிறது, கோட்டைப் போட்டவர் வந்து சேர்வதில்லை. உழைப்பை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு உழைத்தவரை வாசலிலேயே நிறுத்துவதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். அதை நாமே செய்கிறோம் என்பதுதான் உறுத்தியது. அன்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தின் பூர்வீகத்தைப் பேசினோம். பேசியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

வரைந்தவர் பெயர் எமோரி டக்ளஸ். அமெரிக்கக் கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஓவியர். ஆனால் சிறுத்தையின் கதை அவருக்கு முன்பே, அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் தொடங்கிவிட்டது. அங்கே மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பதியப் போனால் வேலை போகும், குடியிருக்கும் குடிசை போகும், உயிரும் போகலாம். ஸ்டோக்லி கார்மைக்கேல் உள்ளிட்ட மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவினர் அங்கே போய் வீடு வீடாக வேலை செய்தார்கள். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பெயர் பதிந்த குத்தகைக் குடும்பங்களைப் பண்ணையார்கள் நிலத்தைவிட்டு விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் சாலையோரம் கூடாரம் போட்டுக்கொண்டு போராட்டத்தில் நின்றார்கள். காலனிக்காரன் எவனுக்கு ஓட்டுப் போட்டான் என்று கணக்குப் பார்த்து வயல் வேலை மறுக்கும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஓட்டு கிடைத்துவிட்டது. யாருக்குப் போடுவது? அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். வெள்ளையர் மேலாதிக்கமே சரி என்று சொல்லும் வாசகத்தைத் தலையில் சுமந்துகொண்டு பல பத்தாண்டுகள் வாக்குச் சீட்டில் கூவிய சேவல் அது. ஆகவே லவுண்ட்ஸ் மக்கள் தனிக் கட்சி கண்டார்கள். படிக்கத் தெரியாத வாக்காளர் நிறைய இருந்ததால் கட்சிக்கு ஒரு சின்னம் வேண்டும். ரூத் ஹோவர்ட் என்ற பெண் தோழர் முதலில் புறாவை முயன்று பார்த்தார். ரொம்பச் சாதுவாக இருக்கிறது என்று யாருக்கும் பிடிக்கவில்லை. அட்லாண்டாவில் கறுப்பின மாணவர்கள் படித்த கிளார்க் கல்லூரியின் விளையாட்டு அணிச் சின்னம் ஒரு சிறுத்தை. அதை எடுத்துக்கொண்டார்கள். டாரத்தி ஜெல்னர் என்ற இன்னொரு தோழர் அதைத் திருத்தி, கறுப்பேற்றி, அச்சுக்குத் தயார் செய்தார். உலகம் முழுக்கப் பாய்ந்த அந்தச் சிறுத்தை இரண்டு பெண்களின் மேசையில் பிறந்தது. அவர்கள் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

ஜெனிஃபர் லாசன் என்ற இளம்பெண்ணையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஷெரீஃப் என்றால் யார், வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார், அந்தப் பதவிக்கு நம் ஆள் நின்றால் என்ன மாறும் என்பதையெல்லாம் விளக்கிச் சிறு சிறு படக்கதைப் புத்தகங்கள் போட்டார்கள். அவற்றுக்குப் படம் வரைந்தவர் அவர். ‘விழிப்புணர்வு’ என்ற பெயரில் நாம் அடிக்கும் பிட் நோட்டீஸ்களை நினைத்துக்கொண்டோம். எட்டுப் புள்ளி எழுத்தில் நான்கு பத்தி, நடுவில் மூன்று சட்டப் பிரிவு எண்கள். யாருக்காக அடிக்கிறோம் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

1966 நவம்பர் தேர்தலில் சிறுத்தை தோற்றது. 1970இல் அதே மாவட்டத்தில் ஜான் ஹியூலெட் ஷெரீஃப் ஆனார். தோற்ற தேர்தலுக்கும் வென்ற தேர்தலுக்கும் நடுவில் சின்னம் அலபாமாவைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தது.

சின்னத்தின் அரசியல் நமக்குப் புதிதில்லை. 1951-52 பொதுத்தேர்தலில் எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்களுக்காகத்தான் இந்தியாவிலும் சின்னங்கள் வந்தன. தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர் பல்லாண்டுகள் பென்சிலால் வரைந்த சைக்கிள், விளக்கு, சீப்பு போன்றவற்றில்தான் நம் பாட்டிமார்கள் விரல் வைத்தார்கள். பானைச் சின்னத்துக்குச் சேரிப் பெண்கள் கோலமாவில் பானை வரைந்து வாக்குக் கேட்டதை நாங்களே பார்த்திருக்கிறோம். அடுப்பில் தினமும் ஏறி இறங்கும் பொருள் அது. வரைய யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கட்சி, லவுண்ட்ஸின் சிறுத்தையைப் பெயராகவும் சின்னமாகவும் எடுத்துக்கொண்டது. அடுத்த ஏப்ரல் 1ஆம் தேதி, அருகிலுள்ள நார்த் ரிச்மண்டில் டென்சில் டவல் என்ற 22 வயது இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலையை அம்பலப்படுத்தத்தான் ‘தி பிளாக் பேந்தர்’ பத்திரிகை 1967 ஏப்ரல் 25 அன்று வெளிவந்தது. தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் எடுத்து ஓரத்தில் பின் அடித்த தாள்கள், அவ்வளவுதான். பாபி சீல் அதை மார்க்கர் பேனாவோடு தயாரித்துக்கொண்டிருந்தபோது அங்கே வந்த இளைஞர் ஒருவர், என்னிடம் நல்ல சாமான்கள் இருக்கின்றன, கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வீட்டுக்குப் போய் எடுத்தும் வந்தார். அவர்தான் எமோரி டக்ளஸ்.

1943இல் பிறந்தவர். சிறு வயதிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்த குடும்பம். பதின்ம வயதில் சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் அச்சுக்கூடம். மை, காகிதம், எழுத்துரு எல்லாம் அங்கேதான் கைக்குப் பழகின. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் விளம்பரக் கலை படித்தார். சரக்கு விற்கக் கற்றுக்கொடுத்த கலையை எடுத்துக்கொண்டு கட்சிக்கு வந்தவர், முதலில் ‘புரட்சிக் கலைஞர்’, பிறகு ‘பண்பாட்டு அமைச்சர்’ என்று அழைக்கப்பட்டார். 1970 வாக்கில் அந்த வாரப் பத்திரிகை ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டிப் போனது. விலை 25 சென்ட். 1980இல் நின்றுபோகும்வரை வந்த 500க்கும் மேற்பட்ட இதழ்களில் மிகப் பெரும்பாலானவை அவர் கைபட்டவை.

தம்பியைக் கவர்ந்த அந்தக் கனத்த கோடு எங்கிருந்து வந்தது? பணமில்லாமையிலிருந்து வந்தது. பல வண்ண அச்சுக்குக் காசில்லை. கறுப்பு, அதோடு இன்னொரு நிறம், அவ்வளவே கட்டுபடியாகும். மலிவான தாளில் மெல்லிய கோடு மையில் கரைந்துவிடும். அதனால் மரச்செதுக்கு அச்சுப்போலத் தோன்றும்படி மார்க்கராலும் மையாலும் தடித்த கோடு போட்டார். கடையில் விற்கும் புள்ளித் தாள்களையும் கோட்டுத் தாள்களையும் வெட்டி ஒட்டி நிழல் கொடுத்தார். புகைப்படத் துண்டுகளைச் சேர்த்தார். பத்திரிகையின் கடைசிப் பக்கம் பெரும்பாலும் முழுப்பக்கப் படம். கிழித்தால் சுவரொட்டி. கட்டுரையைப் படிக்காதவருக்கும் படிக்க முடியாதவருக்கும் சேதி போய்ச் சேரவேண்டும் என்பதுதான் கணக்கு. தனக்குக் காட்சிக்கூடம் கறுப்பின மக்கள் வாழும் தெருதான் என்பது அவர் நிலைப்பாடு. அதே படங்கள் 2007இல் லாஸ் ஏஞ்சலஸிலும் 2009இல் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின. ஏறட்டும், அவருக்கு உரிய மரியாதைதான். பசைக்குப் பதில் சட்டம் போட்ட படங்களைப் பார்க்கும்போது ஏதோ ஒன்று குறைகிறது என்று நமக்குத் தோன்றினால் அது நம் வழக்கம், விடுங்கள்.

கருஞ்சிறுத்தை என்றதும் உலகம் நினைவில் வைத்திருக்கும் படம் வேறொன்று. பெரிய பிரம்பு நாற்காலியில், ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் ஈட்டியுமாக ஹியூயி நியூட்டன் உட்கார்ந்திருக்கும் 1967ஆம் ஆண்டுப் புகைப்படம். எல்ட்ரிட்ஜ் கிளீவர் ஏற்பாடு செய்து பிளேர் ஸ்டாப் எடுத்தது. அரியணையில் தலைவர். நம் ஊர் ஃப்ளெக்ஸ் பலகைக்காரர்கள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். எமோரியின் படங்களிலும் தலைவர்கள் உண்டு, ஆனால் அவருடைய பலம் அங்கே இல்லை. தலையில் சுருள் ஊசி மாட்டிய பெண், எலி ஓடும் வீட்டில் தூங்கும் குழந்தை, கந்தல் சட்டைக்காரர், பேரனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாட்டி. பெயரில்லாதவர்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் இரந்து நிற்கும் பார்வை கிடையாது. வறுமையைக் காட்டும்போது கண்ணைத் தாழ்த்தி வரைவது அரசு விளம்பரத்துக்கும் தொண்டு நிறுவன நாட்காட்டிக்கும் உள்ள பழக்கம். அவர் கண்ணை நேராக வரைந்தார். சூரியக் கதிர்களைத் தலைவருக்கென்று ஒதுக்கிவைக்காமல் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் தலைக்குப் பின்னால் போட்டார்.

இன்னொரு விஷயத்தில் நமக்குத் தயக்கம் உண்டு. போலீசைப் பன்றியாக வரைந்தது எமோரிக்குப் பெரும் புகழ் தந்தது. நியூட்டனும் சீலும் ஒரு பன்றிப் படத்தைக் கொடுத்து, மக்களைத் துன்புறுத்திய ஒரு போலீஸ்காரரின் வில்லை எண்ணை அதில் போடச் சொன்னார்கள். எமோரி பன்றியை இரண்டு காலில் நிற்கவைத்துச் சீருடை மாட்டி, சுற்றிலும் ஈ பறக்கவிட்டார். ஓக்லாந்தில் அது சிரிப்பாலேயே பயத்தை உடைத்த படம். இங்கே அதை அப்படியே இறக்கினால் என்ன ஆகும்? பன்றி வளர்ப்பவர்கள் நம்மவர்கள். பன்றி என்ற சொல் நம் பிள்ளைகள் மீது எறியப்படும் கல். நாகராஜ் மஞ்சுளே தன் 2013ஆம் ஆண்டுப் படத்துக்குப் பன்றி என்ற பொருளில் ‘ஃபன்ட்ரி’ என்று பெயர் வைத்தது அந்தக் கல்லைப் பிடித்துத் திருப்பி எறியத்தான். மாரி செல்வராஜ் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் ஒரு நாயை நம்மோடு சேர்த்து நிறுத்தினார். எந்த விலங்கு யார் பக்கம் என்பதை மண்தான் முடிவு செய்கிறது. ஒரு தோழர் சென்ற ஆண்டு வரைந்து அனுப்பிய ‘போலீஸ் பன்றி’ப் படத்தை நாங்கள் அச்சுக்கு அனுப்பாததன் காரணம் இதுதான். அவர் பயம் என்று நினைத்துக்கொண்டார்.

கட்சி மாறியபோது எமோரியின் கோடும் மாறியது. 1969 ஜனவரியில் ஓக்லாந்தின் ஒரு தேவாலயத்தில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கியது. பிறகு இலவச மருத்துவமனை, ரத்தசோகைப் பரிசோதனை, மளிகைப் பை. 1970களில் அவர் படங்களில் துப்பாக்கி குறைந்து மளிகைப் பையும் வாக்குச் சீட்டும் கூடின. சிலர் இதைச் சரிவு என்கிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. துப்பாக்கி ஏந்திய பெண்ணைவிடப் பை நிறையச் சாமானோடு சிரிக்கும் பெண்ணை வரைவது கடினம். கொஞ்சம் தவறினால் ரேஷன் கடை விளம்பரம் ஆகிவிடும். அவர் கையில் அப்படி ஆகவில்லை.

அரசு இந்தப் படங்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு சான்று. குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று கட்சிப் பெயரில் உலவியது. உள்ளே போலீசைக் கொல்லும் காட்சிகள். கட்சித் தலைமை வேண்டாம் என்று ஒதுக்கியதை எஃப்.பி.ஐ. பிடித்துக்கொண்டு, காலை உணவுத் திட்டத்துக்குப் பொருள் கொடுத்துவந்த வணிகர்களுக்கு அனுப்பிவைத்தது. குழந்தைக்குச் சோறு போடும் வேலையைக் கெடுக்க ஒரு படப் புத்தகம் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படத்தின் வலிமையை நம் தலைவர்களில் பலரைவிடக் காவல்துறை நன்றாக அறியும்.

அந்தப் பத்திரிகையில் எமோரி மட்டும் வரையவில்லை. கட்சியின் முதல் பெண் உறுப்பினரான டாரிகா லூயிஸ் ‘மட்டிலாபா’ என்று கையெழுத்திட்டு வரைந்தார். 1970களில் கேல் டிக்சன் ‘அசாலி’ என்ற பெயரில் வரைந்தார். தம்பி கொண்டுவந்த மாதிரிப் படங்கள் இணையத்தில் சுற்றும்போது எமோரியின் பெயராவது சில நேரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. இவர்கள் பெயர் வருவதே இல்லை.

1972இல் மும்பையில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா டாலேயும் தலித் பேந்தர்ஸ் தொடங்கியபோது பெயர் அங்கிருந்து வந்தது, கோபம் இங்கேயே இருந்தது. நாடெங்கும் தீண்டாமைக் கொடுமைகளை ஆவணப்படுத்தி அந்தக் கோபத்துக்கு அடித்தளம் போட்ட குழுவின் தலைவர் நம் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். 1982இல் மதுரையில் மலைச்சாமி அந்தப் பெயரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் திருமாவளவன் தலைமையில் அது சிறுத்தைகள் ஆனது. எங்கள் சிறுவயதுச் சேரிச் சுவர்களில் நீலத்திலும் சிவப்பிலும் சிறுத்தை பாய்ந்தது. வரைந்தவர்கள் பகலில் வெள்ளையடிக்கப் போகும் அண்ணன்கள். ராத்திரி ஒருவர் விளக்குப் பிடிக்க இன்னொருவர் வரைவார். காலையில் யாராவது சாணி அடித்திருப்பார்கள். திரும்பவும் வரைவார்கள். அந்தச் சுவர்களில் ஒன்றையாவது படமெடுத்து வைத்திருக்கிறோமா என்று தேடிப்பார்த்தோம். எங்களிடம் இல்லை. மும்பையில் ஷ்ருஜனா நிரஞ்சனி ஸ்ரீதர் என்ற ஓவியர் தலித் பேந்தர்ஸ் காலத்துச் சிறுபத்திரிகைகளைத் தேடித் தேடி ஆவணமாக்கிவருவது இதனால்தான் பெரிய வேலை.

இன்று நீலத்தில் வரையும் ஒரு தலைமுறையே எழுந்திருக்கிறது. சித்தேஷ் கௌதம், ராஹீ புண்யஸ்லோகா ஆகியோரின் படங்களைப் பெயர் தெரியாமலே நீங்கள் பகிர்ந்திருப்பீர்கள். மால்விகா ராஜ், மதுபனி ஓவியத்துக்குள் புத்தரையும் அம்பேத்கரையும் கொண்டுவந்தார். உன்னமதி சியாம் சுந்தர் எதிர்த்திசையில் ஒரு வேலை செய்தார். 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரத்தில் அரசியல் சாசனம் என்ற நத்தைமீது அம்பேத்கர் உட்கார்ந்திருப்பார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்த அந்தப் படம் 2012இல் நாடாளுமன்றம்வரை பெரும் சர்ச்சையானது. நகைச்சுவை தெரியாதவர்கள் என்று நமக்குப் பாடம் எடுத்தார்கள். சியாம் சுந்தர் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டி, அம்பேத்கர் வாழ்ந்த காலத்திலேயே அவரைக் கேலிசெய்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்களைத் திரட்டி 2019இல் நூலாக்கினார். அடுக்கி வைத்துப் பார்த்தால், அவர் எத்தனை முறை சின்னப் பையனாகவும் அடம்பிடிப்பவராகவும் குள்ளமாகவும் வரையப்பட்டிருக்கிறார் என்பது தெரிகிறது. ஒரு படமாக இருந்தவரை அது நகைச்சுவை.

இனி நாங்கள் செய்த தவறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவர் விஷவாயு தாக்கி இறந்தார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த வேலை. எங்களுக்குக் கோபம். குழிக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்த உடலை யாரோ செல்பேசியில் எடுத்த படம் கிடைத்தது. அதைப் பெரிதாகப் போட்டுச் சுவரொட்டி அடித்தோம். மூன்றாம் நாள் அவருடைய மனைவி படிப்பகத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை.

“பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் ஒட்டியிருக்கீங்க. எம்புள்ள அந்தத் தெருவுல போக மாட்டேங்குது. அவரு ஒரு நாளும் சட்டை இல்லாம வெளிய போனதில்லங்க.”

அன்றிரவு நாங்களே போய்க் கிழித்தோம். பசை காய்ந்திருந்ததால் பாதிதான் வந்தது.

மு. பழனிகுமாரின் புகைப்படங்களை அதன்பிறகுதான் நிதானமாகப் பார்த்தோம். மதுரைக்காரர், அம்மா மீன் விற்பவர். கடன் வாங்கி கேமரா வாங்கியவர். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர். அவர் படங்களில் சாவு இருக்கிறது. கூடவே வீடு இருக்கிறது, சுவரில் மாட்டிய படம் இருக்கிறது, கேமராவை நேராகப் பார்க்கும் பெண் இருக்கிறார். எமோரி மையால் வரைந்த அந்தக் கண்ணை இங்கே கேமராவில் கண்டோம். தூய்மைப் பணியாளர் குழந்தைகளுக்கு அவர் புகைப்படக்கலை சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்ததைக் காட்சிக்கும் வைத்தார். 

தம்பி எமோரியின் படத்தில் முகத்தை மாற்றும் யோசனையைக் கைவிட்டான். இழப்பீட்டை 30 லட்சமாக்கி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது இன்னும் அந்தக் குடும்பத்துக்கு வந்து சேரவில்லை என்பதால், இந்த ஆண்டுச் சுவரொட்டி அதைப் பற்றியதாக இருக்கட்டும் என்று முடிவானது. படத்துக்கு அந்த அக்காவிடமே கேட்டோம். தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. தம்பி அதைப் பார்த்து வரைந்தான். ஒரே நிறம், நீலம். கோடு அவனுடையது, கொஞ்சம் நடுக்கத்தோடு. கீழே அவன் பெயரையும் போடச் சொல்லிக் கொடுத்தோம். டிடிபி கடைக்காரர் பதினோரு தோழமை அமைப்புகளின் பெயர்களுக்கு நடுவே இடமில்லை என்றார். எங்கள் அமைப்பின் பெயரை எடுத்துவிட்டுப் போடச் சொன்னோம்.